பள்ளிக்குப் பின்னால் இருக்கும் 'ரீஜன்': டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகன் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் பகுதி ரீஜன் அலுவலகத்துக்கு ஒருநாள் போன் போட்டேன். புகார் சொல்லத்தான். பையன் வாசிக்கத் திணறுகிறான், டிஸ்லெக்ஸியாவாக இருக்குமோ என்று பள்ளியில் மூன்று முறை கேட்டாகிவிட்டது, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்துகிறார்கள் என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். மறுமுனையில் பேசிய பெண்மணி முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்கள் டிஸ்ட்ரிக்டுக்கு உத்தரவு போட எங்களால் முடியாது" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போனை வைக்கப் போகிற நேரத்தில் அவரே ஒன்று கேட்டார்: "இதுவரை எழுத்தில் கேட்டிருக்கிறீர்களா?"

இல்லை. மூன்று முறையும் பள்ளி வாசலில் நின்று வாயால் கேட்டதுதான்.

அந்த ஒரு கேள்வியின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. ரீஜன் அலுவலகம் நம் பிள்ளையின் பள்ளிக்கு மேலதிகாரி கிடையாது, அது ஆசிரியர்களுக்கு வாத்தியார். பள்ளிக்காரர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பது அந்த இடம். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு பள்ளிக்குப் போகிற பெற்றோருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

முதலில், இது என்ன இடம்?

டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் உள்ளன. ஊரில் நாம் 'மாவட்டம்' என்று சொல்லும்போது ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். இங்கே அப்படியில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தனக்கென்று தேர்தலில் வந்த போர்டும், சொத்து வரி விதிக்கும் உரிமையும் கொண்ட தனி அரசாங்கம் மாதிரி. ஹியூஸ்டன், டாலஸ் பக்கம் லட்சக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் டிஸ்ட்ரிக்டுகளும் உண்டு. மேற்கு டெக்சாஸ் பக்கம் போனால் மொத்த மாணவர் எண்ணிக்கையே 500-ஐத் தொடாதவை ஏராளம். அப்படிப்பட்ட சின்ன டிஸ்ட்ரிக்ட் தனியாக ஒரு ஆட்டிசம் நிபுணரையோ சாஃப்ட்வேர் ஆளையோ சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று மாநிலம் உண்டாக்கியவைதான் எஜுகேஷன் சர்வீஸ் சென்டர்கள், சுருக்கமாக ஈ.எஸ்.சி. பேச்சில் எல்லோரும் 'ரீஜன் 10', 'ரீஜன் 4' என்று எண்ணோடு சொல்வார்கள்.

1965-ல் சட்டமன்றம் அனுமதித்தபோது இவை வெறும் ஊடக மையங்கள். பள்ளிகளுக்குப் படச்சுருளும் பாடக் கருவிகளும் கடன் கொடுக்கும் இடங்கள். 1967-ல் வேலை விரிந்து 20 மண்டலங்கள் அமைந்தன. இன்றும் அதே 20. ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர் கொண்ட போர்டு. அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த மண்டலத்து டிஸ்ட்ரிக்ட் போர்டு உறுப்பினர்கள். அதாவது உங்கள் டிஸ்ட்ரிக்ட் இந்த மையத்துக்கு ஒரு பக்கம் வாடிக்கையாளர், இன்னொரு பக்கம் வாக்காளர்.

தமிழ்நாட்டில் ஆசிரியராக இருந்தவர்களுக்கு வட்டார வள மையமும் அதன் ஆசிரியர் பயிற்றுநர்களும் நினைவுக்கு வரலாம். வேலை ஏறக்குறைய அதேதான். ஆனால் அது துறையின் அடுக்கில் ஒரு படி. இது அடுக்கில் இல்லாமல் பக்கவாட்டில் நிற்கிறது. ஈ.எஸ்.சி.க்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது. மாநிலப் பணம், மத்திய அரசின் மானியம், டிஸ்ட்ரிக்டுகள் கட்டும் கட்டணம் ஆகிய மூன்றில்தான் வண்டி ஓடுகிறது. கட்டணம் கட்டும் வாடிக்கையாளரோடு சண்டைக்கு நிற்க எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. அதனால் பஞ்சாயத்து பேச இந்த இடத்தை நம்ப வேண்டாம்.

படி 1: உங்கள் ரீஜன் எது என்று கண்டுபிடியுங்கள்

வீட்டு முகவரியை வைத்துப் பார்க்காதீர்கள், ஊர்ப் பெயரை வைத்தும் பார்க்காதீர்கள். பிள்ளையின் ஐ.எஸ்.டி. (இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பிள்ளை படிக்கும் டிஸ்ட்ரிக்ட்) எது என்பதை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் வேறு வேறு ரீஜனில் விழலாம்.

டாலஸுக்கு வடக்கே நம்மவர்கள் அதிகம் வாழும் ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆலன், மெக்கின்னி, பிராஸ்பர், இர்விங், காப்பெல் ஐ.எஸ்.டி.கள் எல்லாம் ரீஜன் 10, அலுவலகம் ரிச்சர்ட்சனில். ஆனால் லூயிஸ்வில், டென்டன் ஐ.எஸ்.டி.கள் ஃபோர்ட் வொர்த் பக்கத்து ரீஜன் 11. ஹியூஸ்டனில் கேட்டி, ஃபோர்ட் பெண்ட், சை-ஃபேர் மூன்றும் ரீஜன் 4; இருபதில் பெரியது அதுதான், பத்து லட்சத்துக்கு மேல் மாணவர்கள். த உட்லண்ட்ஸில் இருப்பவர்கள் தங்களையும் ரீஜன் 4 என்றே நினைத்துக்கொள்வார்கள். அவர்களுடைய கான்ரோ ஐ.எஸ்.டி., ஹண்ட்ஸ்வில்லில் அலுவலகம் உள்ள ரீஜன் 6. ஆஸ்டின், ரவுண்ட் ராக், லியாண்டர் எல்லாம் ரீஜன் 13. சான் அன்டோனியோ ரீஜன் 20.

சந்தேகம் இருந்தால் மாநிலக் கல்வி அமைப்பான டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சியின் பள்ளிப் பட்டியலில் டிஸ்ட்ரிக்ட் பெயரைப் போட்டால் ரீஜன் எண்ணும் சேர்ந்தே வரும். டிஸ்ட்ரிக்டைச் சாராமல் அரசுப் பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் ரீஜன் உண்டு.

படி 2: அங்கே என்னென்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இவை எல்லாம் டிஸ்ட்ரிக்டுக்கான சேவைகள். பாதிக்கு மேல் நம் கண்ணில் படவே படாது.

பள்ளிப் பேருந்து ஓட்டுநர் முதல் முறை சான்றிதழ் வாங்க 20 மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 8 மணி நேரம் புதுப்பிப்பு. அந்த வகுப்புகளை நடத்துவது ரீஜன். உணவகத்துக்குப் பாலும் ரொட்டியும் வாங்குவதில், பல டிஸ்ட்ரிக்டுகளைச் சேர்த்து மொத்த விலை பேசும் கூட்டுறவுக் கொள்முதலையும் மையங்கள் நடத்துகின்றன. மாணவர் எண்ணிக்கை, வருகை, சம்பளம் என்று மாநிலத்துக்கு அனுப்ப வேண்டிய 'பீம்ஸ்' தரவுகளைச் சரிபார்க்க உதவுவதும் இவர்களே. அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமைதான் பீம்ஸ் கணக்கெடுக்கும் நாள். அன்று எந்தப் பிள்ளை எந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் படமே மாநிலத்தின் பதிவேட்டில் நிற்கும்.

ஆனால் மையங்களின் உயிர்நாடி ஆசிரியர் பயிற்சிதான். சட்டமே அவற்றின் அடிப்படைச் சேவைகளை வரையறுத்திருக்கிறது: மாநிலத் தேர்வு நடக்கும் பாடங்களைக் கற்பிக்கப் பயிற்சி, சிறப்புக் கல்வி (கற்றல் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைகளுக்கானது), இருமொழிக் கல்வி, அதிகத் திறன் உள்ள பிள்ளைகளுக்கான கிஃப்டட் திட்டம், பின்தங்கிய பள்ளிகளுக்குக் கைகொடுத்தல், சட்ட விதிகளைப் பின்பற்ற உதவி. 2019-ல் வந்த ஹவுஸ் பில் 3, மூன்றாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் 'ரீடிங் அகாடமி' முடிக்க வேண்டும் என்றது. எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கக் கற்பிப்பது எப்படி என்ற அந்த நீண்ட பயிற்சியைப் பெரும்பாலான ஆசிரியர்கள் மையங்கள் வழியாகவே முடித்தார்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் ரீடிங் அகாடமி பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடுதான் ஆரம்பிப்பார், பிறகு விடாமல் பேசுவார்.

சில வேலைகளை மாநிலம் முழுமைக்கும் ஒரே மையம் செய்யும். டிஸ்லெக்ஸியா ஆலோசகர் இருப்பது ரீஜன் 10-ல். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் என்பதால் மத்திய அரசின் உதவி பெறும் 'டைட்டில் ஒன்' பள்ளிகளில் பெற்றோர் பங்கேற்புக்கான மாநிலத் திட்டம் அமரில்லோவில் உள்ள ரீஜன் 16-ல். நீங்கள் எந்த ரீஜனில் இருந்தாலும் அவர்கள் தயாரிக்கும் கையேடுகள் உங்களுக்கும் பயன்படும்.

படி 3: உங்கள் டிஸ்ட்ரிக்ட் என்ன வாங்கியிருக்கிறது என்று பாருங்கள்

கோடையில் நடக்கும் போர்டு கூட்டங்களின் அஜெண்டாவைத் திறந்து 'இன்டர்லோக்கல் அக்ரிமென்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். ரீஜனோடு போட்ட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் விவாதமே இல்லாமல் ஒரே வாக்கில் நிறைவேறும் 'கன்சென்ட் அஜெண்டா'வில் ஒளிந்திருக்கும். அங்கே கிடைக்கவில்லை என்றால் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் மின்னஞ்சலில் கேட்கலாம். 10 வேலை நாட்களுக்குள் ஆவணம் தர வேண்டும், அல்லது ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டும். ஈ.எஸ்.சி.க்கும் அதே சட்டம் பொருந்தும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 2013-ல் நடந்ததைச் சொல்கிறேன். மையங்கள் கூட்டாகத் தயாரித்து விற்ற 'சீஸ்கோப்' என்ற பாடத்திட்டத்தை டெக்சாஸின் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகள் வாங்கியிருந்தன. பாடக் குறிப்புகளைப் பெற்றோருக்குக் காட்டக் கூடாது என்று ஆசிரியர்கள் நினைக்கும் அளவுக்கு அது பூட்டிவைக்கப்பட்டிருந்தது. விஷயம் வெளியே வந்ததும் சட்டமன்றம் வரை போய், அந்த ஆண்டு மே மாதம் பாடக் குறிப்புகளே கைவிடப்பட்டன. உள்ளடக்கத்தைப் பற்றிக் கிளம்பிய குற்றச்சாட்டுகளில் பல வெறும் புரளி என்பது என் கருத்து. ஆனால் பூட்டிவைத்தது தவறு. பிள்ளைக்குக் கற்பிக்கும் பாடப்பொருளைப் பார்க்கப் பெற்றோருக்கு டெக்சாஸ் சட்டத்தில் உரிமை உண்டு. அதை ரீஜனிடமிருந்து வாங்கியிருந்தாலும் சரிதான்.

படி 4: பிள்ளைக்கு மதிப்பீடு தேவை என்றால், எழுதுங்கள்

இந்த வழிகாட்டியை நான் எழுதத் தொடங்கியதே இந்தப் படிக்காகத்தான்.

கொஞ்சம் பழைய கதை. 2004-ல் டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி தன் கண்காணிப்பு முறையில் ஒரு எண்ணை வைத்தது. சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டிஸ்ட்ரிக்டுக்கு மதிப்பெண் குறையும். நாடு முழுவதற்கும் சராசரி 13 சதவீதத்தை ஒட்டி இருந்த காலம் அது. விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் பல்லாயிரம் பேர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். 2016-ல் ஹியூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. 2017-ல் சட்டமன்றம் அந்த வரம்பைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, மாநிலம் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. அதன்பிறகு போட்ட சீர்திருத்தத் திட்டத்தில், ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பின் பெரும்பகுதி மையங்களின் தலையில் விழுந்தது.

அப்படிச் சொல்லிக்கொடுக்கும் விதிகளில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்றே மூன்று.

சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ பள்ளி முதல்வருக்கோ எழுத்தில் மதிப்பீடு கேட்டால், 15 பள்ளி நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒன்று, சம்மதப் படிவம் தர வேண்டும். அல்லது ஏன் மறுக்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் இந்தக் கெடு ஓடத் தொடங்காது. நான் ஏமாந்தது இங்கேதான்.

சம்மதக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை முடிய வேண்டும். இடையில் பிள்ளை மூன்று நாள் அல்லது அதற்கு மேல் விடுப்பு எடுத்தால் அத்தனை நாளும் கெடுவில் கூடும். டிசம்பரில் சென்னைக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை முடிந்து 30 நாட்காட்டி நாட்களுக்குள் 'ஆர்ட்' கமிட்டி கூட வேண்டும். பிள்ளைக்கு என்ன உதவி என்று முடிவாகும் கூட்டம் அது. நீங்களும் அதில் உறுப்பினர், விருந்தாளி இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் உள்ள தாத்தா பாட்டியோ, துணைவரோ வருவதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

டிஸ்லெக்ஸியாவுக்கு முன்பு தனி வழி ஒன்று இருந்தது. 2023-ன் ஹவுஸ் பில் 3928-க்குப் பிறகு அந்தச் சந்தேகத்துக்கும் இதே முழு மதிப்பீடுதான். "முதலில் 504-ல் போட்டுப் பார்க்கலாம்" (504 என்பது சிறப்புக் கல்வி இல்லாமல் வகுப்பறைச் சலுகைகள் தரும் திட்டம்) என்று யாராவது சொன்னால், இந்தச் சட்ட எண்ணை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்தது என்ன, "முழுமையான தனிநபர் முதல் மதிப்பீடு கோருகிறேன்" என்ற ஒரு வரி, தேதி. மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்குச் சாட்சி தானாகவே கிடைக்கும். நான் எழுதிய கடிதம் ஐந்து வரி. வாயால் மூன்று முறை கேட்டும் வராத படிவம் ஒன்பதாவது பள்ளி நாளில் வந்தது.

இதில் ரீஜனை எங்கே பயன்படுத்துவது? போன் செய்து, சிறப்புக் கல்விப் பிரிவையோ டிஸ்லெக்ஸியா தொடர்பாளரையோ கேளுங்கள். "என் டிஸ்ட்ரிக்ட் தவறு செய்கிறது" என்று ஆரம்பித்தால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். "இந்த நிலையில் டிஸ்ட்ரிக்டுகளுக்கு நீங்கள் என்ன வழிகாட்டுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கையேட்டின் பக்க எண்ணோடு பதில் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆர்ட் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். பிள்ளையின் பெயரை ரீஜனிடம் சொல்லத் தேவையே இல்லை.

படி 5: 'வீட்டில் தமிழ்' என்று எழுதியவர்களுக்கு

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருவார்கள். வீட்டில் எந்த மொழி, பிள்ளை பேசுவது எந்த மொழி என்று கேட்கும். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் தேர்வு நடக்கும். தகுதி மதிப்பெண் வராவிட்டால், சேர்ந்த நான்கு வாரங்களுக்குள் 'எல்பேக்' என்ற குழு கூடி 'எமர்ஜென்ட் பைலிங்குவல்' (வீட்டு மொழியோடு ஆங்கிலத்தை இன்னும் கற்றுவரும் மாணவர்) என்று வகைப்படுத்தும்.

இதைக் கேட்டுப் பதறி, அடுத்த பிள்ளைக்கு 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையை எழுதுவதே நல்லது. அது கூடுதல் உதவிக்கான வழி; ரிப்போர்ட் கார்டில் ஒட்டும் கறை இல்லை. தவறுதலாக எழுதியிருந்தால், பிள்ளைக்குத் தேர்வு இன்னும் நடந்திருக்கக் கூடாது, சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் திருத்த முடியும். அந்தக் கூடுதல் உதவித் திட்டம் வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும், வெளியேறும் தகுதி பெறும் வரை ஒவ்வொரு வசந்தத்திலும் 'டெல்பாஸ்' என்ற ஆங்கிலத் திறன் தேர்வு உண்டு. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வேண்டாம் என்றுதானே சொன்னோம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு பிப்ரவரியும் யாராவது கேட்பார்கள்.

எல்பேக் குழுவுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பதும் ரீஜன்தான். அந்தக் குழுவில் எமர்ஜென்ட் பைலிங்குவல் மாணவர் ஒருவரின் பெற்றோர், டிஸ்ட்ரிக்டில் வேலை செய்யாதவர், உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். பல பள்ளிகள் இந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் தேடும். கை தூக்குங்கள். அலுவலர்களுக்குத் தரும் அதே பயிற்சி உங்களுக்கும் கிடைக்கும். வருடத்துக்குச் சில மணி நேர வேலைதான்.

படி 6: நீங்களே வகுப்பறைக்குள் போக நினைத்தால்

ஊரில் எம்.எஸ்சி. முடித்து, இங்கே வேலை அனுமதி கிடைத்த பிறகு ஆசிரியராகலாமா என்று யோசிக்கும் பெண்களைத் தமிழ்ப் பள்ளிகளில் அடிக்கடி பார்க்கிறேன். பல மையங்கள் மாற்று வழி ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகின்றன. முதலில், மாநிலம் அங்கீகரித்த நிறுவனம் ஒன்றில் இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்குங்கள். நான்குக்குக் கணக்கிடும் ஜி.பி.ஏ. மதிப்பெண் சராசரி 2.5 தேவை. ஆங்கிலத் தகுதித் தேர்வு உங்களுக்குத் தேவையா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு பாடத் தேர்வு, பயிற்சி. அதன்பின் இன்டர்ன் சான்றிதழோடு ஒரு வருடம் முழுச் சம்பளத்தில் பாடம் எடுக்கலாம். கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகிய மூன்றில் இடம் எளிதில் கிடைக்கும். தனியார் நிறுவனங்களும் இதே சான்றிதழுக்குப் பயிற்சி தருகின்றன. விளம்பரமும் கவர்ச்சியாக இருக்கும். முதல் வருடம் தடுமாறும்போது வகுப்பறைக்கே வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் ஆள் கிடைக்குமா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ரீஜனுக்குப் போகக் கூடாத விஷயங்கள்

சிறப்புக் கல்விச் சட்டம் மீறப்பட்டதாகப் புகார் என்றால், அது டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சிக்கு எழுத்தில் போக வேண்டும். மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். 60 நாட்களில் முடிவு வரும். ஆசிரியர் பற்றிய குறை, மதிப்பெண், பேருந்து தாமதம் எல்லாம் முதல்வரில் தொடங்கி டிஸ்ட்ரிக்டின் சொந்தக் குறைதீர்ப்பு வழியில் போக வேண்டியவை. தமிழுக்கு உயர்நிலைப் பள்ளி மொழிக் கிரெடிட் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பதும் டிஸ்ட்ரிக்ட்தான், பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரான கவுன்சிலரிடம் கேளுங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்தால்

பெயர் மாறும், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நியூயார்க்கில் 1948 முதல் 'போசிஸ்' இருக்கிறது; இன்று 37. நியூயார்க் நகரமும் பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ், யாங்கர்ஸும் அதில் சேர்த்தி இல்லை. அங்கே உயர்நிலை மாணவர்களே நேரடியாகப் போசிஸ் வளாகத்துக்குப் போய்த் தொழிற்கல்வி படிப்பார்கள். பென்சில்வேனியாவில் 29 'இன்டர்மீடியட் யூனிட்'கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான ஆரம்பகாலச் சிகிச்சைக்குப் பெரும்பாலான இடங்களில் நேராக அவர்களையே அழைக்கலாம். கலிஃபோர்னியாவில் கவுன்டிக்கு ஒன்றாக 58 அலுவலகங்கள். டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட்டைப் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு என்பதால், 'மேலதிகாரி இல்லை' என்று நான் மேலே சொன்னது அங்கே முழுதாகப் பொருந்தாது. அயோவாவில் ஒன்பது. 2024-ல் அந்த மாநிலம் இந்த அமைப்புகளின் பணத்தில் ஒரு பகுதியை டிஸ்ட்ரிக்டுகளின் கைக்கே மாற்றிவிட்டது. அங்கே இருப்பவர்கள் பழைய வழிகாட்டிகளை நம்பாமல், பிள்ளைக்கு இப்போது பேச்சுப் பயிற்சி தருவது யாருடைய ஊழியர் என்பதைப் பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.